ஹீமோகுளோபின் ஏற கேல், கீன்வா வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு ஹலசூரில் வசிக்கிறோம். எனக்கு வயது 36. சுத்த சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2 என்று வந்தது. எப்போதும் அசதி, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காலையில் இட்லி அல்லது தோசை, மதியம் சாம்பார் சாதம், பொரியல், இரவு சப்பாத்தி. வாரத்தில் இரண்டு நாள் பாலக் சமைக்கிறேன். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு முடித்ததும் ஃபில்டர் காபி. அலுவலகத் தோழிகள் கேல் கீரை, கீன்வா தானியம், சியா விதை வாங்கச் சொல்கிறார்கள். விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். அவை நல்ல உணவுகள்தான். ஆனால் உங்கள் குறையைத் தீர்க்க அவை தேவையில்லை.

முதலில் அந்த 10.2 பற்றி. கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 8 முதல் 10.9 வரை நடுத்தர ரத்தசோகை. நீங்கள் அதில் இருக்கிறீர்கள். இந்த அளவுக்கு இறங்கியதை உணவால் மட்டும் ஏற்றுவது மிகவும் மெதுவாக நடக்கும்; மாத்திரை தேவைப்படும். மருத்துவரைப் பார்த்து ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), வைட்டமின் பி12 இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். நிறையப் பெண்கள் அதைச் சொல்லாமலே கீரையை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி சாப்பாடு. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது காபி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி உங்கள் வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 29 மி.கி. இரும்பு வேண்டும். அளவு இவ்வளவு பெரிதாக இருக்கக் காரணம், தாவர உணவிலுள்ள இரும்பில் சாதாரணமாகப் பத்தில் ஒரு பங்குகூட உடலில் சேர்வதில்லை. சேரும் அந்தக் கொஞ்சத்தையும் காபி, டீயில் உள்ள பாலிஃபீனால்கள் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்கின்றன. இதில் டீ காபியைவிட மோசம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் காபி கிட்டத்தட்ட அதே அளவு தடுக்கிறது என்றும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்துவிட்டால் பாதிப்பில்லை என்றும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே காபியை விட வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். காலையில் எழுந்ததும் ஒன்று, மாலை நாலு, நாலரைக்கு ஒன்று. இட்லிக்குப் பின்னாலும், மதிய, இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னாலும் வரும் காபிதான் நிற்க வேண்டும். இதற்குக் காசே செலவில்லை. மற்ற எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது நாளைக்கே செய்யுங்கள்.

அடுத்தது பாலக். கீரை என்றாலே பாலக் என்று ஆகிவிட்டது. ஆனால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்தால், 100 கிராம் பாலக்கில் சுமார் 3 மி.கி. இரும்பு, 80 மி.கி. கால்சியம், அந்தக் கால்சியத்திலும் பெரும்பகுதியைக் கீரையிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கட்டிப்போட்டுவிடும். முருங்கைக்கீரையிலும் தண்டுக்கீரை வகையிலும் இரும்பு 4.5 மி.கி. அளவுக்கு, கால்சியம் 300 மி.கி.க்கு மேல். உங்கள் தெருவில் காலையில் கூவிக்கொண்டு வரும் சொப்புக்காரரிடம் (கீரைக்காரரிடம்) நுக்கே சொப்பு (முருங்கைக்கீரை), தண்டின சொப்பு (தண்டுக்கீரை) என்று கேளுங்கள். முருங்கை எப்போதும் வண்டியில் இருக்காது; முதல் நாளே சொல்லி வைத்தால் கொண்டுவருவார்.

பெங்களூரில் இருந்துகொண்டு பஸ்ஸாரு செய்யாமல் இருக்காதீர்கள். கன்னடக்காரர்கள் வீட்டில் இது சாதாரணச் சமையல். ஊறவைத்த கொள்ளையோ தட்டைப்பயறையோ வேகவைத்து, முக்கால் வெந்ததும் நறுக்கிய கீரையைப் போட்டு, இரண்டும் வெந்தபின் தண்ணீரை வடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் தேங்காய், பூண்டு, மிளகு, சீரகம், புளி அரைத்துவிட்டுக் கொதிக்கவைத்தால் சாறு. வடித்தெடுத்த பயறும் கீரையும் வெங்காயம், மிளகாய் தாளித்துப் பிரட்டினால் பல்யா. நாம் வீட்டில் கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டும்போது ஃபோலேட் என்ற பி வைட்டமினும் அதோடு போய்விடுகிறது. இதில் அது சாறாகத் தட்டுக்கே வந்துவிடுகிறது. கொள்ளு 100 கிராமில் 8 மி.கி.க்கு மேல் இரும்பு இருக்கிறது. உங்கள் சாம்பாரில் ஆளுக்கு எவ்வளவு பருப்பு விழுகிறது என்று ஒருநாள் அளந்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டு ஸ்பூனைத் தாண்டாது. கீரையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இந்தப் பருப்புக் குறைவுதான். மதியமும் இரவும் ஒவ்வொரு கிண்ணம் கெட்டியான பருப்போ பயறோ தட்டில் இருக்கட்டும்.

பயறை ஊறவைப்பதும் முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். அந்த வகையில் உங்கள் இட்லியும் தோசையும் நல்ல உணவே. மேலே எலுமிச்சம்பழம் பிழிந்தால் வைட்டமின் சி சேர்ந்து இரும்பை உள்ளே இழுக்கும். அடுப்பில் இருக்கும்போது பிழியாதீர்கள், சூட்டில் அழிந்துவிடும்; இறக்கிவைத்துப் பிழியுங்கள். பாசிப்பருப்புக் கோசம்பரியில் எலுமிச்சை பிழிவது வழக்கம்தானே, அதை மதியம் சேர்த்துக்கொள்ளுங்கள். மதியம் சாப்பிட்டதும் ஒரு கொய்யா சாப்பிட்டாலும் சரி. 100 கிராமில் 200 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி உள்ள பழம் அது. காபி இருந்த இடத்தில் கொய்யா வரட்டும்.

ராகி முத்தே (கேழ்வரகுக் களி) கால்சியத்துக்கு மிக நல்லது. 100 கிராம் மாவில் 360 மி.கி. வரை இருக்கிறது. இரும்புக்காக அதை நம்ப வேண்டாம். சியா விதைக்குப் பதில் ஆளி விதை போதும், அதே வகை ஒமேகா-3 கொழுப்பு அதிலும் உண்டு. வறுத்துப் பொடித்துச் சாப்பிடுங்கள். முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும். இங்கே அகசே சட்னிப்பொடி என்று பாக்கெட்டிலேயே விற்கிறார்கள்.

எந்தக் கீரையாலும் தர முடியாதது பி12. தாவர உணவில் அதை நம்பகமான அளவில் பெற முடியாது. உங்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. பரிசோதனையில் குறைவு என்று வந்தால் அவை போதாது, மாத்திரையோ ஊசியோ வேண்டும். இரும்பு எவ்வளவு சாப்பிட்டும் அசதி போகாத சைவர்களிடம் இந்தக் குறை அடிக்கடி இருக்கும்.

வீட்டில் யாராவது ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டால் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்களும் சிறுநீரகக் கல் வந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே கீரையைக் கூட்டுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

இரும்பு மாத்திரையைப் பாலோடும் காபியோடும் போடாதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். நான்கு வாரத்தில் மறுபடி ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராமாவது (10.2 இருந்தது 11.2 ஆக) ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் ரத்தம் எங்கே இழப்பாகிறது என்று மருத்துவர் தேட வேண்டும். 12-ஐத் தொட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உடலில் இரும்புச் சேமிப்பு நிரம்ப மேலும் சுமார் மூன்று மாதம் ஆகும்.