குறையைச் சொல்லிச் சம்பாதிக்கலாமா?

கேள்வி: பெருமூளை வாதம் உள்ள அமெரிக்க நகைச்சுவை நடிகை ஜெரி ஜூவல், நடிக்க வாய்ப்பு குறைந்த பிறகு சுயசரிதை எழுதி, ஊர் ஊராக மேடையேறிப் பேசுகிறாராம். தன் குறையையே முதலாக வைத்துச் சம்பாதிப்பது சரியா?
- வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: அண்ணாச்சி, குரல் நன்றாக இருக்கிறவர் குரலை முதலாக வைக்கிறார், முகம் லட்சணமாக இருக்கிறவர் முகத்தை வைக்கிறார். அவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அது போகட்டும், வரிசையே தப்பு. பேசியதால்தான் அவருக்கு வாய்ப்பே வந்தது. 1978-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'காமெடி ஸ்டோர்' மேடையில் தனியாக நின்று மைக்கைப் பிடித்தவர், நடையும் நாக்கும் தன் சொல்படி கேட்காத கதையைத் தானே சொல்லிச் சிரிக்க வைத்தவர். அதற்குப் பிறகுதான் 1980-இல் 'தி ஃபேக்ட்ஸ் ஆஃப் லைஃப்' தொடர். முதல் சுயசரிதை 1984-லேயே வந்துவிட்டது, அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அப்புறம் நல்ல வேடத்துக்காக நெடுங்காலம் காத்திருந்தார், அது உண்மைதான். ஆனால் 2004-இல் 'டெட்வுட்' தொடரில் வந்தாரே! சாராயக்கடையைக் கூட்டிப் பெருக்குகிற பெண். வைத்தியரிடம் போய் காலுக்கு ஒரு தாங்கி செய்து தரச் சொல்லிக் கேட்பாள், அதை மாட்டிக்கொண்டு அதே வைத்தியரோடு ஆடுவாள். இரண்டாவது சுயசரிதை 2011-இல்தான் வருகிறது.

நம் சினிமாவில் திக்குவாயும் செவிட்டுக் காதும் இத்தனை வருஷமாக யாருக்குச் சம்பாதித்துக் கொடுத்தன? அந்தச் சிரிப்பில் காசு பார்த்தவர்கள் நல்ல வாயும் நல்ல காதும் உள்ளவர்கள். 'பதினாறு வயதினிலே'யில்கூட, சப்பாணி என்று கூப்பிடுகிறவனை அறையச் சொல்லி மயில்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஜெரிக்கு மயில் தேவைப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்கா வரை எதற்கு? நம்ம ஆய்க்குடி ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, நாற்காலியில் இருந்தபடி வாயால் சொல்லிச் சொல்லியே வளர்த்தார். 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரும் குறையை முதலாக வைத்தார் என்பீர்களா? தென்காசிப் பக்கம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

உங்களை மட்டும் சொல்லி என்ன, நான் ஒன்றும் யோக்கியனில்லை. சில வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆண்டு விழா, மேடையில் நானும் இருந்தேன். சிறப்புப் பேச்சாளர் சக்கர நாற்காலியில் வந்தார். மேடைக்கு ஐந்து படி, சாய்தளம் கிடையாது. பிளஸ் டூ பையன்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள், மூன்றாவது படியில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. "பாத்துப்பா, சப்பரம் சாஞ்சா ஊருக்கு ஆகாது" என்றார் அவர். கொல்லென்று சிரிப்பு. அரைமணி நேரம் பேசினார், பிள்ளைகள் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. முடிந்ததும் ஒரு பொன்னாடை, அரைக்கிலோ அல்வா. அதே மேடையில் பட்டிமன்றம் பேச வந்த மூன்று பேருக்கும் கவர் கொடுத்தார்கள். இவருக்குக் கார் வாடகைகூட இல்லை, கேட்டால் 'சேவை மனப்பான்மை உள்ளவர்' என்றார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு என் பங்கு அல்வாவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன மாதம் வேறொரு விழாவுக்கு அங்கே போனேன். மேடைக்குப் புதுசாக டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், படி அதே ஐந்துதான்.