கண்ணுக்குள்ளேயே நிற்கும் விபத்து: விரலைப் பார்த்தால் போய்விடுமா?

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. எட்டு மாதத்துக்கு முன்பு பெருந்துறைப் பக்கம் பைக்கில் வரும்போது லாரி மோதியது. பின்னால் உட்கார்ந்திருந்த நண்பர் அங்கேயே இறந்துவிட்டார். இவருக்குக் கால் எலும்பு உடைந்து, இப்போது சேர்ந்துவிட்டது. ஆனால் இன்றுவரை பைக்கைத் தொடவில்லை. பஸ்ஸின் ஏர் பிரேக் சத்தம் கேட்டாலே வியர்த்துவிடுகிறது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, ‘நான்தான் அவனைக் கொன்னுட்டேன்’ என்கிறார். மாமியார் இரண்டு இடத்தில் மந்திரித்துவிட்டு வந்தார். கண்ணை இடமும் வலமும் அசைத்தே அதிர்ச்சியைப் போக்கும் சிகிச்சை இருக்கிறதாமே? ஒரு புள்ளி அங்கும் இங்கும் ஓடும் வீடியோவை யூடியூபில் பார்த்தேன். அதை அவருக்குப் போட்டுக் காட்டலாமா? இது ஹிப்னாடிசமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.

பதில்: அந்த வீடியோவை அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

‘கண்ணுக்குள்ளேயே நிற்கிறது’ என்று நம் ஊரில் சொல்வோம் இல்லையா, உங்கள் கணவருக்கு நடப்பது கிட்டத்தட்ட அதுதான். மற்ற நினைவுகள் நாளாக ஆக மங்கிப்போகும். இது மங்கவில்லை. பிரேக் சத்தம் கேட்டதும் அவருடைய உடம்பு எட்டு மாதம் பின்னால் போய்விடுகிறது. இப்படி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, தூக்கமும் வேலையும் கெட்டால் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலக் கோளாறு, என்ற கோணத்தில் பார்ப்போம். கடிதத்தை வைத்து நான் முடிவுகட்ட முடியாது, நேரில் ஒருவர் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்டது இ.எம்.டி.ஆர். என்ற சிகிச்சை. ஃபிரான்சின் ஷப்பிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, மனதை அரித்த எண்ணங்கள் தன் கண்கள் இங்கும் அங்கும் ஓடியதும் வேகம் குறைவதைக் கவனித்தாராம். 1989-இல் அதைப் பற்றிய முதல் ஆய்வை வெளியிட்டார். பூங்காவில் உதித்த சிகிச்சை என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். உளவியல் துறைக்குள்ளேயே பல வருடம் சண்டை நடந்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2013-இலும் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2018-இலும் பி.டி.எஸ்.டி.க்கு இதைப் பரிந்துரைத்தன. அமெரிக்க உளவியல் சங்கம் 2017-இல் கொஞ்சம் தயக்கத்தோடுதான் பரிந்துரைத்தது.

சிகிச்சை பலன் தருகிறது என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை. அதில் கண் அசைவுக்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் இன்னும் வாதம் நடக்கிறது. எனக்குச் சரியாகப் படும் விளக்கம் இது: சீட்டுப் பணக் கணக்கைப் போட்டுக்கொண்டே பழைய சண்டை ஒன்றை நினைத்துப் பாருங்கள், சண்டை அரைகுறையாகத்தான் வரும். மனதின் மேசை சின்னது. ஒரு பக்கம் விபத்தின் காட்சி, இன்னொரு பக்கம் சிகிச்சையாளர் இடமும் வலமும் அசைக்கும் விரல் என்று இரண்டையும் அதில் வைத்தால் காட்சியின் வீரியம் குறைகிறது. குறைந்த வீரியத்தோடேயே அது திரும்பவும் நினைவில் போய்ச் சேர்கிறது.

ஹிப்னாடிசம் இல்லை. அவர் முழு விழிப்போடு இருப்பார். அவர் கையைத் தூக்கினால் சிகிச்சையாளர் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும்.

முதல் ஒன்றிரண்டு செஷனில் விரலுக்கே வேலை இருக்காது. சின்ன வயதிலிருந்து நடந்தவை, தூக்கம், குடி, மாத்திரை எல்லாவற்றையும் கேட்பார்கள். பதற்றம் ஏறினால் எப்படி இறங்குவது என்று பழக்குவார்கள். இதை அவசரமாகத் தாண்டுகிற சிகிச்சையாளர் வேண்டாம்.

அப்புறம்தான் விபத்து. மொத்தக் கதையையும் சொல்லச் சொல்ல மாட்டார்கள். ‘இருப்பதிலேயே மோசமான ஒரு காட்சி எது?’ என்பார்கள். உதாரணத்துக்கு, ரோட்டில் உருண்டு கிடக்கும் ஹெல்மெட் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்க்கும்போது தன்னைப் பற்றி என்ன தோன்றுகிறது? ‘நான்தான் கொன்னுட்டேன்.’ அதற்குப் பதிலாக என்ன நம்ப ஆசை? ‘அந்த நேரத்தில் என்னால் முடிந்ததைச் செய்தேன்.’ அது இப்போது எவ்வளவு உண்மையாகப் படுகிறது என்று 1 முதல் 7-க்குள் ஒரு எண். பதைப்பு எவ்வளவு என்று 0 முதல் 10-க்குள் ஒரு எண். உடம்பில் எங்கே அடைக்கிறது என்றும் கேட்பார்கள்.

சிகிச்சையாளர் நேருக்கு நேர் இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்து, இரண்டு விரலை இடமும் வலமும் அசைப்பார். தலை அசையாமல் கண் மட்டும் தொடரும். அரை நிமிடம் போல. பிறகு ஒரு மூச்சு. ‘இப்போது என்ன வருகிறது?’ ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுபடி விரல். மனம் எங்கெங்கோ தாவும். ஹெல்மெட்டிலிருந்து ஆம்புலன்ஸ், அங்கிருந்து கல்லூரி நாளில் அந்த நண்பரோடு குடித்த டீ. அழுகை வரலாம், வரட்டும். பதைப்பு எண் தரைக்கு இறங்கிய பிறகு அந்த நல்ல நம்பிக்கையை ஊன்றவைத்து, தலையிலிருந்து கால் வரை இறுக்கம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து முடிப்பார்கள். ஒரு செஷன் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். நைஸ் சொல்லும் கணக்கு பொதுவாக 8 முதல் 12 செஷன்.

வீடியோவை வேண்டாம் என்றது இதனால்தான். ஓடும் புள்ளி அந்த ஹெல்மெட்டைக் கிளறிவிடும். கிளறியதை மூடிவைக்க அந்த அறையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நினைவு அழிந்துவிடாது. நண்பர் இறந்த துக்கம் இருக்கும், அது இருக்க வேண்டியதுதான். செஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் கனவு, எரிச்சல் கூடலாம். துணைக்குப் போங்கள், ஆனால் வெளியே வந்ததும் ‘உள்ளே என்ன சொன்னீங்க?’ என்று கேட்காதீர்கள்.

முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியவை சில இருக்கின்றன. வலிப்பு, கண்ணில் பிரச்சினை, விபத்தில் தலையில் அடி, தூங்குவதற்காகக் குடிப்பது, தூக்க மாத்திரை. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் முதலில் மனநல மருத்துவர், இ.எம்.டி.ஆர். அப்புறம். விபத்து இழப்பீட்டு வழக்கில் அவர் இன்னும் சாட்சி சொல்ல வேண்டியிருந்தால், சிகிச்சை தொடங்குமுன் வக்கீலிடமும் சிகிச்சையாளரிடமும் பேசிவிடுங்கள். காட்சியின் கூர்மை குறையக்கூடும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

யாரிடம் போவது? மனநல மருத்துவர், அல்லது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அதற்கு மேல் இ.எம்.டி.ஆர். பயிற்சி எங்கே முடித்தார், விபத்துக் கேஸ் பார்த்திருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கட்டணத்தையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ‘ஒரே சிட்டிங்கில் சரி’ என்பவரிடம் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பக்கத்தில் யாரும் கிடைக்காவிட்டால் அதிர்ச்சிக்கான சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) சிகிச்சையும் இதே அளவுக்கு நல்லது. விரலுக்காகவே ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. ஆரம்பிக்க வழி தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

மாமியாரோடு மல்லுக்கட்ட வேண்டாம். மந்திரித்த கயிறு கையில் இருந்தால் சிகிச்சைக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. ‘ஆம்பளை பைக் ஓட்டப் பயப்படலாமா’ என்று யாராவது சொன்னால் மட்டும் தடுத்துவிடுங்கள்.

சரி, இன்று ராத்திரி மூன்று மணிக்கு என்ன செய்வது? லைட்டைப் போடுங்கள். பாதம் தரையில் படட்டும். இன்று என்ன கிழமை, எந்த வீட்டில் இருக்கிறோம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு கைகளை மார்பின் குறுக்கே வைத்து, இடது, வலது என்று மெதுவாக மாற்றி மாற்றித் தட்டிக்கொள்ளட்டும். 1997-இல் மெக்சிகோவின் அகபுல்கோவைப் புயல் சூறையாடிய பிறகு அங்கிருந்த குழந்தைகளோடு வேலை செய்தவர்கள் உருவாக்கியது இது. பட்டாம்பூச்சி அணைப்பு என்பார்கள். தட்டும்போது விபத்தை நினைக்கச் சொல்லாதீர்கள். மூச்சு சீரானதும் நிறுத்திவிடலாம். ‘நீ கொல்லல’ என்று அந்நேரம் வாதாடவும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுங்கள்.