பாறைத் தடத்துக்கு எந்த டியூப்லெஸ் டயர்?

வணக்கம். 29 அங்குலச் சக்கரமும் 30 மி.மீ. உள் அகலமுள்ள ரிம்மும் கொண்ட உங்கள் மலைச் சைக்கிளில், கூர்மையான பாறைகள் நிறைந்த தடத்தில் பின்சக்கரம் மட்டும் அடிக்கடி பஞ்சராவதாகவும், அதனால் 2.6 அங்குல டியூப்லெஸ் டயருக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

அகலத்தைவிட, டயரின் பக்கவாட்டுப் பகுதியான பக்கச்சுவரின் வலிமையையே நீங்கள் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முள் குத்திய சிறு துளையை, டயருக்குள் ஊற்றி வைக்கும் சீலன்ட் திரவம் விரைவில் அடைத்துவிடும். ஆனால் பாறை கிழித்த பக்கச்சுவரை அதனால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. சவாரியின்போது எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மீதே விழுவதால், அங்கே தடித்த பக்கச்சுவருள்ள 2.4 அங்குல டயரையும், முன்னால் உயரமான புடைப்புகளும் மென்மையான ரப்பரும் கொண்ட 2.5 அங்குல டயரையும் போடுங்கள். எடை சற்றுக் கூடத்தான் செய்யும், அதை ஏற்றுக்கொள்ளலாம்.

ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றதுதானா என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். நீங்கள் குறிப்பிட்ட 75 கிலோ எடைக்கு முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கி, பாறையில் ரிம் இடிக்கிறதா என்று கவனித்தவாறு ஒவ்வொரு பிஎஸ்ஐயாக மாற்றிப் பாருங்கள். சீலன்ட் சில மாதங்களில் உலர்ந்துவிடும் என்பதால் அவ்வப்போது நிரப்ப வேண்டும். சீலன்ட்டால் அடைக்க முடியாத பஞ்சருக்காக மாற்று டியூப் ஒன்றும் எப்போதும் பையில் இருக்கட்டும்.