உடற்பயிற்சி செய்தும் எடை இறங்கவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: மேடம், மூன்று வாரமாகத் தினமும் நடக்கிறேன், ஜிம்மில் எடையும் தூக்குகிறேன். 400 கிராம் கூடியிருக்கிறது. எங்கே தவறு?

பதில்: தவறு இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது. புதிதாக எடை தூக்க ஆரம்பித்ததும் தசைகள் வலிக்கும், அந்த இடத்தில் நீர் கோக்கும். தசையில் கிளைகோஜனும் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) கூடுதலாகச் சேரும். அது ஒரு கிராம் சேர்ந்தால் கூடவே சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கொழுப்பு ஒரு பக்கம் கரைந்தாலும் எடை மெஷின் அதைக் காட்டாது. முந்தின நாள் உப்பு அதிகமானாலும், மலச்சிக்கல் இருந்தாலும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சகஜம்.

தினமும் காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு வந்து, எதுவும் குடிப்பதற்கு முன் எடை மெஷினில் ஏறி நில்லுங்கள். மெஷின் கெட்டியான தரையில் இருக்கட்டும், கால்மிதியின் மேல் வேண்டாம். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய் வரும் பெண்கள் போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதுதான் சரி. இடுப்புச் சுற்றளவையும் குறித்து வையுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், டேப் சதையை அழுத்தாமல். நான்கு வாரம் இரண்டுமே அசையவில்லை என்றால்தான் ‘இறங்கவில்லை’ என்று அர்த்தம்.

கேள்வி: ஒரு மணி நேர நடைக்கு வாட்ச் 400 கலோரி காட்டுகிறது. அந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடலாம்தானே?

பதில்: கூடாது. 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் மொத்தம் 240 கலோரி வாக்கில்தான் செலவாகும். அதில் 70 சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும். நடையால் கிடைத்த உண்மையான லாபம் சுமார் 170. வாட்ச் சொல்வதை நம்பி 400 சாப்பிட்டால், நடக்காமலே இருந்ததைவிட 230 கூடுதல். இன்னொரு விஷயம், காலையில் நன்றாக வியர்த்தவர்கள் மீதி நாள் முழுக்கத் தங்களை அறியாமல் அசைவைக் குறைத்துவிடுவதும் உண்டு. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மிக நல்லது, விடாதீர்கள். ஆனால் எடைக் கணக்கில் தட்டுதான் பெரிய கை.

கேள்வி: பொரித்தது கிடையாது, இனிப்பு கிடையாது, வீட்டுச் சமையல், நட்ஸ், பழம். இதில் எங்கிருந்து கலோரி கூடும்?

பதில்: அதிகம் ஏமாறுவது இங்கேதான். முதல் சந்தேகம் எண்ணெய். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ‘நல்ல’ எண்ணெய்க்குத் தள்ளுபடி இல்லை. ஒரு டேபிள்ஸ்பூன் சுமார் 120. கண்ணளவில் ஊற்றுபவருக்கு இரண்டு எது, நான்கு எது என்று தெரியாது. சோதிப்பது சுலபம்: சமைக்கும் முன் எண்ணெய் பாட்டிலை டிஜிட்டல் தராசில் வைத்து எடையைக் குறியுங்கள், சமையல் முடிந்ததும் மறுபடி வையுங்கள். 1,012 கிராம் இருந்தது 956 ஆனால் சட்டியில் போனது 56 கிராம், அதாவது 504 கலோரி. எத்தனை பேர் சாப்பிட்டீர்களோ அத்தனையால் வகுங்கள். ஒரு வாரம் செய்தால் போதும், கை தானாக அடங்கும்.

அடுத்து நட்ஸ். 30 கிராம் பாதாமில் 170 கலோரிக்கு மேல். டப்பாவிலிருந்து நேராக எடுத்துச் சாப்பிட்டால் 30 எப்போது 70 ஆனது என்று தெரியாது. பழத்தைக் கடித்துத் தின்னுங்கள். சாறாக்கினால் மூன்று பழம் ஒரே மடக்கில் போய்விடும், வயிறும் நிறையாது. சாப்பிட்டதைக் கலோரிக் கணக்கோடு குறிப்பெழுதுபவர்கள் செய்யும் பிழை ஒன்று: பச்சை அரிசியா வெந்த சாதமா என்று பார்க்காமல் பதிவு செய்வது. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி, 100 கிராம் சாதத்தில் 130 தான். மாற்றிப் போட்டால் முழுக் கணக்கும் பாழ்.

ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்தது, சனி ஞாயிறு, இவை யார் நோட்டிலும் ஏறுவதில்லை. ஐந்து நாள் தினம் 400 குறைத்தால் 2,000 மிச்சம். இரண்டு நாள் ஆயிரம் ஆயிரமாகக் கூடினால் பூஜ்யம். ‘என்ன செய்தாலும் எடை குறையவில்லை’ என்றவர்களைச் சோதித்து 1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், அவர்கள் எழுதித் தந்தது உண்மையில் சாப்பிட்டதில் பாதியளவுதான். பொய் சொல்லவில்லை, மனிதக் கண் அப்படித்தான் அளக்கிறது.

கேள்வி: சரி, எவ்வளவு சாப்பிடலாம்?

பதில்: உடம்பு சும்மா இருக்கும்போதே ஒரு நாளைக்குச் செலவிடும் கலோரியைக் கணக்கிட மிஃப்லின் சூத்திரம் இருக்கிறது: எடை (கிலோ) × 10, உயரம் (செ.மீ.) × 6.25, இரண்டையும் கூட்டி, வயது × 5-ஐக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். 72 கிலோ, 160 செ.மீ., 38 வயதுப் பெண்ணுக்கு 1,369. உட்கார்ந்த வேலையும் கொஞ்சம் நடையும் என்றால் 1.4-ஆல் பெருக்க, நாள் முழுதுக்கான செலவு சுமார் 1,900. அதில் 400 குறைத்து 1,500. இது தொடக்கப் புள்ளி மட்டுமே. நான்கு வாரச் சராசரியைப் பார்த்து 100, 150 என்று மாற்றுங்கள். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் 1,200-க்குக் கீழே போக வேண்டாம்.

கேள்வி: முதல் 8 கிலோ மளமளவென்று இறங்கியது. அப்புறம் இரண்டு மாதமாக அப்படியே நிற்கிறது. மெட்டபாலிசம் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, உடம்பு சிறியதாகிவிட்டது. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் தினசரிச் செலவு 20 முதல் 30 கலோரி வரை இறங்கும். 8 கிலோவுக்கு 160 முதல் 240. அதோடு பசியும் ஏறும். பழைய அளவையே சாப்பிட்டால் வரவுக்கும் செலவுக்கும் இடையில் இருந்த கலோரிப் பள்ளம் மூடிவிடும். இன்றைய எடைக்குக் கணக்கை மறுபடி போடுங்கள். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டு), வாரம் இரண்டு நாளாவது எடைப் பயிற்சி. பட்டினியில் கரைவது தசையாக இருக்கக் கூடாதல்லவா!

கேள்வி: எனக்குத் தைராய்டு இருக்கிறது. அதனால்தானோ?

பதில்: மாத்திரையால் டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் ஹார்மோன்) சரியான அளவில் இருந்தால் பழியை அங்கே போடாதீர்கள். தைராய்டு சுரப்பு குறைவதால் ஏறும் எடை பொதுவாகச் சில கிலோதான், பெரும்பகுதி உப்பும் நீரும். மருந்துப் பட்டியலைப் பாருங்கள்: ஸ்டீராய்டு, இன்சுலின், ஒலான்சபின் (மனநோய்க்கு), மிர்டாசபின் (மனச்சோர்வுக்கு), வால்ப்ரோயேட் (வலிப்புக்கு) எல்லாம் எடையை ஏற்றக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாய் தப்புவது, வயிற்றில் ஊதா நிற அகலக் கோடுகள், உட்கார்ந்த இடத்திலிருந்து எழத் தொடையில் வலுவின்மை இருந்தால் தள்ளிப்போடாமல் பரிசோதியுங்கள்.

கேள்வி: வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு கூடுதலாகக் கரையுமாமே?

பதில்: அந்த ஒரு மணி நேரத்தில் கரையும், மொத்தத்தில் எடைக்கு லாபம் இல்லை. சௌகரியம் என்றால் நடங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வேண்டாம், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.