கண்ணுல நீர் வத்திடுச்சே, இன்னும் எதுக்கு ஊசி?

“அம்மாவுக்கு 74 வயசு, வலது கண்ணுல வெட் மாகுலர் டிஜெனரேஷன். மாசம் ஒண்ணுன்னு 3 ஊசி போட்டாச்சு. ஸ்கேன்ல விழித்திரையில தேங்கின நீர் சுத்தமா வத்திடுச்சுன்னு டாக்டரே சொல்றார், ஆனா 6 வாரம் கழிச்சு மறுபடி ஊசின்னு தேதி குடுத்துட்டார். இது தேவையா?”ன்னு ஒரு வாசகி கேக்கறாங்க.

தேவைதாங்க. வெட் மாகுலர் டிஜெனரேஷன்ங்கறது விழித்திரையோட நடுப்பகுதியில ரத்தக்குழாய் ஒழுகி பார்வை கெடற நோய். நீர் வத்தினது மருந்து உள்ள இருக்கறதாலதான், நோய் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. விழித்திரைக்கு அடியில புதுசா முளைச்ச ரத்தக்குழாய்ங்கதான் ஒழுகுது, அதை வளர்த்து விடற விஇஜிஎஃப்-ங்கற புரதத்தை இந்த மருந்து பிடிச்சு வெக்குது, அவ்ளோதான், குழாயை வேரோட பிடுங்கறதில்ல. சில வாரத்துல மருந்து தீர்ந்துடும், பல பேருக்கு மறுபடி ஒழுக ஆரம்பிச்சுடும்.

அந்த 6 வாரம் சும்மா போட்ட தேதி இல்ல. ட்ரீட் அண்ட் எக்ஸ்டெண்ட்னு ஒரு முறை இருக்கு, அதுல முதல் படி மாதிரிதான் தெரியுது. நீர் இல்லன்னா இடைவெளிய பொதுவா 2 வாரம் கூட்டுவாங்க, 6, 8, 10, 12ன்னு போகும், சில மருந்துல 16 வாரம் வரைக்கும் கூட. நீர் திரும்பி வந்தா ஒரு படி குறைப்பாங்க, அதை தோல்வின்னு நினைக்காதீங்க, அந்தக் கண்ணு எத்தனை வாரம் தாங்கும்னு அப்பதான் தெரியுது. இந்த முறையில ஸ்கேன் நல்லா இருந்தாலும் போற அன்னிக்கு ஊசி உண்டு, வீட்டுல எல்லாரும் குழம்பறது இங்கதான்.

நீர் வந்தா மட்டும் போடற முறையும் இருக்கு. ஆனா அதுக்கு மாசாமாசம் ஸ்கேனுக்கு தவறாம வரணும், நிறைய பேரால முடியறதில்ல, ஒவ்வொரு தடவை ஒழுகும்போதும் போற பார்வை முழுசா திரும்பாமலும் போகலாம். அதனால எனக்கு முதல் முறைதான் பிடிக்கும். நிறுத்தறத பத்தி இப்ப பேச வேணாம், 12 வார இடைவெளியிலயும் பல தடவை காய்ஞ்சே இருந்தா அப்ப டாக்டர்கிட்ட கேளுங்க, பல பேருக்கு வருஷக்கணக்குல போகும். ஊருக்குப் போறதா இருந்தா தள்ளிப் போடாம முன்னாடியே போட முடியுமான்னு கேட்டுப் பாருங்க. நடுவுல ஸ்ட்ரோக்கோ ஹார்ட் அட்டாக்கோ வந்திருந்தா ஊசிக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

போட்ட அன்னிக்கு கண்ணு உறுத்தும், அது பெரும்பாலும் அயோடின் சொட்டு மருந்தால. வெள்ளைவிழியில சிவப்புத் திட்டு வரலாம், அது போக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகலாம். பார்வையில கருப்புக் குமிழி உருண்டு உருண்டு ஓடும், அது ஓரிரு நாள்ல போயிடும். ஆனா அடுத்த சில நாள்ல வலி கூடிக்கிட்டே போனாலோ, பார்வை மங்கினாலோ அன்னிக்கே ஓடுங்க, அது கண்ணுக்குள்ள கிருமி புகுந்ததா இருக்கலாம். அபூர்வம்தான், ஆனா விட்டா பார்வை போயிடும்.

அம்மாவோட இடது கண்ணைப் பத்தி நீங்க ஒண்ணுமே எழுதல. கண்ணாடி போடறவங்கன்னா போட்டுக்கிட்டு, வலது கண்ணை மூடி கதவு நிலையோட விளிம்பைப் பாக்கச் சொல்லுங்க. கோடு வளைஞ்சோ நடுவுல அழிஞ்சோ தெரிஞ்சா 6 வாரம் காத்திருக்காதீங்க, உடனே போன் பண்ணிடுங்க.