காய் விட்ட பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

நட்பு, சண்டை, பள்ளிக்கூடம் பற்றிய சிறார் நூல்கள் குறித்து கேரள, ஆந்திர எல்லையோரத் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகள். பதில் சொல்பவர், பள்ளிகளுக்குச் சிறார் நூல்களைத் தேர்ந்து கொடுக்கும் நூலகர்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாய்: மகள் இரண்டாம் வகுப்பு, மலையாள மீடியம். வீட்டில் தமிழ். விளையாட யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்கிறாள். புத்தகம் தமிழில் வாங்கவா, மலையாளத்திலா?

ஒரே புத்தகத்தை இரண்டு மொழியிலும் வாங்குங்கள். மனசில் இருப்பதைச் சொல்ல அவளுக்குத் தமிழ் வேண்டும். மைதானத்தில் போய்ச் சேர மலையாளம் வேண்டும். சென்னையின் துளிகா பதிப்பகமும் நேஷனல் புக் டிரஸ்டும் ஒரே படக்கதையைப் பல மொழிகளில் போடுகின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

முதல் மூன்று நாள் தமிழில் மட்டும் படியுங்கள். கதை அவளுக்கு அத்துப்படியான பிறகு மலையாளப் பிரதியை எடுங்கள். அப்போது வரிக்கு வரி தமிழில் சொல்லக் கூடாது. சொன்னால் மலையாளத்தைக் காதில் வாங்காமல் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு கதையிலிருந்து மூன்று வாக்கியம் மட்டும் எடுத்து, பொம்மையை வைத்து ஆடிப் பாருங்கள்: "ஞானும் கூடிக்கோட்டே?" (நானும் சேர்ந்துக்கட்டுமா?), "இனி என்றெ ஊழமா" (இனி என் முறை), "எனிக்கது இஷ்டமல்ல" (எனக்கு அது பிடிக்கலை). மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மறுக்கத் தெரியாத பிள்ளையை விளையாட்டில் எல்லாரும் ஏவி வேலை வாங்குவார்கள்.

இன்னொன்று. விளையாட்டின் நடுவே போய் நின்று "என்னையும் சேர்த்துக்குங்க" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் வரும். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்து, அவர்கள் செய்வதையே தானும் செய்யத் தொடங்கும் பிள்ளையைச் சீக்கிரம் சேர்த்துக்கொள்வார்கள். இதைப் படத்தில் காட்டும் புத்தகமாகத் தேடுங்கள்.

மூணாறு, தமிழ் மீடியம் ஆசிரியை: கடையில் பத்து நிமிஷம்தான் கிடைக்கிறது. எதைப் பார்த்து எடுப்பது?

கடைசி நாலு பக்கத்தை முதலில் படியுங்கள் டீச்சர். சண்டையைத் தீர்த்துவைப்பது யார்? அம்மாவோ ஆசிரியரோ வந்து நீளமாகப் புத்தி சொல்லி, எல்லாரும் கைகோத்து நின்றால் அதை வைத்துவிடுங்கள். பிள்ளைகளே தட்டுத்தடுமாறிப் பழம் விட்டால் எடுங்கள்.

அடுத்து முகங்கள். எழுத்தைக் கையால் மறைத்துவிட்டு, யாருக்குக் கோபம், யாருக்கு வெட்கம் என்று படத்திலிருந்தே சொல்ல முடிகிறதா பாருங்கள். எல்லா முகமும் ஒரே சிரிப்பாக இருந்தால் ஒன்றாம் வகுப்புக்குப் பயன்படாது.

நீளத்துக்கு ஸ்டோரிவீவரின் படிநிலை நல்ல அளவுகோல்: முதல் நிலை 250 சொல் வரை, இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1,500 வரை. வகுப்பில் உரக்கப் படிக்க இரண்டாம் நிலையைத் தாண்டாதீர்கள். தாண்டினால் பேச்சுக்கு நேரம் மிஞ்சாது.

நகரியிலிருந்து ஒரு தகப்பன்: பையன் நாலாம் வகுப்பு. பட்டப்பேர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அதைப் பற்றிய கதையே வாங்கிக் கொடுத்தேன், இரண்டு பக்கத்தில் மூடிவிட்டான்.

மூடத்தான் செய்வான். பட்ட இடத்திலேயே விரலை வைத்த மாதிரி இருந்திருக்கும். விலங்குகள் வரும் கதை, வேறு தேசத்துக் கதை என்று ஒரு எட்டு தள்ளி நிற்பதைக் கொடுங்கள். "உன்னை மாதிரியே பாரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஒருவகைக் கதையைத் தவிர்க்கச் சொல்வேன்: கேலிக்கு ஆளானவன் கடைசியில் கேலி செய்தவனையே ஆபத்திலிருந்து காப்பாற்றி, பிறகு எல்லாரும் அவனை ஏற்றுக்கொள்வது. திறமையைக் காட்டினால்தான் மரியாதை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். அதைவிட, கூட நின்று பார்க்கும் ஒருத்தி "வா, நாம போகலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் கதை எவ்வளவோ மேல். அதை வகுப்பு முழுவதற்கும் படித்துக்காட்டச் சொல்லி டீச்சரிடம் கொடுங்கள். மாற வேண்டியது வகுப்புதான்.

இரண்டு பேர் சமமாகச் சண்டை போடுவது வேறு. பலமானவர்கள் ஒருவனையே திரும்பத் திரும்பக் குறிவைப்பது வேறு. அதைப் புத்தகத்தால் மட்டும் சமாளிக்க முடியாது. தேதியும் நடந்ததும் எழுதி வகுப்பாசிரியரைப் பாருங்கள். அடி, மிரட்டல் என்று போனால் குழந்தைகள் உதவி எண் 1098.

குப்பம், அங்கன்வாடிப் பணியாளர்: கையிலிருப்பதைப் பிடுங்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொருத்தமான புத்தகமே கிடைக்கவில்லை.

நீங்களே செய்யுங்கள். இந்த மாதிரி வேலைக்கு அச்சுப் புத்தகத்தைவிட இதுதான் நன்றாகப் பிடிக்கும். ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் வரும். நீளவாட்டத்தில் வைத்து இடமும் வலமும் ஒன்றன்மேல் ஒன்று விழ மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். பிரித்து, வெட்டிய கோடு மேலே வர நீளமாக மடித்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளினால் கூட்டல் குறி போல விரியும். சுற்றி மடக்கினால் அட்டையோடு எட்டுப் பக்கம். வெட்டு கூடினால் தாள் இரண்டாகிவிடும், கவனம்.

எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக உருவாக்கியது. எல்லாப் பிள்ளைக்கும் உதவும். "இப்படிச் செய்" என்று ஒரு வரி எழுதினால், நடப்பதையும் மற்றவர் மனசையும் சொல்லும் வரிகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், ஐந்து வரை போகலாம். இப்படி: "எங்கள் அங்கன்வாடியில் ஒரே ஒரு சிவப்பு லாரி இருக்கிறது. எல்லாருக்கும் அது பிடிக்கும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர்கள் காத்திருப்பார்கள். காத்திருப்பது சில சமயம் கஷ்டம். நான் 'அடுத்தது எனக்கு' என்று சொல்லிப் பார்ப்பேன்."

"பிடுங்க மாட்டேன்" என்று எழுதாதீர்கள். செய்யக் கூடாததைச் சொன்னால், பதிலுக்கு என்ன செய்வது என்று அந்த வயதில் தெரியாது. பிடுங்கிய உடனே எடுத்து நீட்டவும் வேண்டாம், அது தண்டனையாகிவிடும். விளையாட விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், தினமும் ஒரு தடவை படியுங்கள்.

வேலந்தாவளம்: 'டோட்டோ-சான்' புத்தகத்தை எந்த வயதில் கொடுக்கலாம்?

தானாகப் படிக்க ஐந்தாம் வகுப்பு. அதற்குக் கீழே, ராத்திரிக்கு ஓர் அத்தியாயம் நீங்கள் படித்துக்காட்டுங்கள். எல்லாம் சின்னச் சின்ன அத்தியாயங்கள். ஜப்பானில் 1981இல் வந்த இந்தப் புத்தகத்தை நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் மலையாளத்திலும் போட்டிருக்கிறது. போலியோ வந்த யாசுவாக்கி என்ற பையனைச் சிறுமி டோட்டோ மரத்தில் ஏற்றும் இடம் நட்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே எல்லாம் சொல்லிவிடும். ஆனால் அந்தப் பையன் பின்னால் இறந்துபோகிறான். முன்கூட்டியே படித்துவைத்து, அன்று மட்டும் தூங்கப் போகும் நேரத்தில் அந்தப் பகுதியை எடுக்காதீர்கள்.

கோவிந்தாபுரம்: ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) தமிழ்ப் பிள்ளைப் புத்தகமே இல்லையே?

வருஷாந்தரக் கொள்முதலுக்கு முன்னாலேயே தலைப்பு, பதிப்பகம், விலை மூன்றும் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள். "தமிழ்ப் புத்தகம் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கட்டிக் கொடுப்பார். தமிழ்நாட்டு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக வந்திருக்கின்றன. எல்லை தாண்டிச் சொந்தக்காரர் யாராவது ஆசிரியராக இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

செங்கோட்டை பக்கம், ஆரியங்காவு: படித்து முடித்ததும் "கதையின் நீதி என்ன" என்று கேட்கிறேன். "சண்டை போடக் கூடாது" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை.

நீதியைக் கேட்டால் பிள்ளை உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் தரும். முடிவில் கேட்பதை விட்டுவிட்டு, காய் விட்டபின், பழம் விடுவதற்கு முந்தின பக்கத்தில் நிறுத்துங்கள். "இப்போ இவன் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். "அடிக்கலாம்" என்றாலும் திட்டாமல் "அடிச்சா அப்புறம் என்ன ஆகும்?" என்று தொடருங்கள். இரண்டு கேள்வி போதும். மூன்றாவதில் பரீட்சை வாடை வந்துவிடும். பதிலே சொல்லாவிட்டால் பக்கத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டே போங்கள்.