ஈஸ்டர் தேதியை யார் குறிக்கிறார்கள்? – கேள்வி பதில்

பாஸ்கா (ஈஸ்டர்) தேதி, தவக்காலம், பழைய திருச்சபையின் காலக்கணக்கு பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஒருமுறைதான் விளக்கம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், கீழேயும் சொல்லுவேன்: திருச்சபை "முழுநிலவு" என்றால் அது அட்டவணை நிலவு, அதாவது முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த நிலவு. மொட்டைமாடியில் ஏறிப் பார்க்கும் நிலவு வேறு.

ஐயா, கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-லேயே நிற்கிறது. ஈஸ்டர் மட்டும் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது? – நாசரேத்திலிருந்து ஒருவர்

கிறிஸ்துமஸ் சூரியக் கணக்கு. ஈஸ்டர், யூதப் பஸ்காவோடு ஒட்டிப் பிறந்த விழா. பஸ்கா யூத நாட்காட்டியில் நிசான் மாதம் 14-ஆம் நாள், அதாவது வளர்பிறை முடிந்து நிலவு முழுதாகும் நாள். இதில் மூன்று சக்கரம் ஒன்றாகச் சுழல்கிறது: சூரிய ஆண்டு, நிலவு மாதம், ஏழு நாள் வாரம். பன்னிரண்டு நிலவு மாதம் சேர்ந்தால் 354 நாள். ஆண்டுக்கு 11 நாள் பற்றாக்குறை. அந்த 11 நாள்தான் தேதியை இழுத்தடிக்கிறது. மேற்கத்திய (கத்தோலிக்க, புராட்டஸ்டண்டு) கணக்கில் மார்ச் 22-க்கு முன்னும் ஏப்ரல் 25-க்குப் பின்னும் ஈஸ்டர் வராது. மார்ச் 22 கடைசியாக வந்தது 1818-இல். ஏப்ரல் 25 வந்தது 1943-இல், அடுத்து 2038-இல்.

பிரதர், மொபைல் இல்லாமல் காகிதத்தில் போட்டுப் பார்க்க முடியுமா? – ஓர் உபதேசியார்

இப்படிக் கேட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். கீழே உள்ளது 1900 முதல் 2199 வரைக்கும் செல்லும்.

முதலில் ஆண்டை 19-ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுங்கள். ஏன் 19? 19 சூரிய ஆண்டும் 235 நிலவு மாதமும் கிட்டத்தட்டச் சமம். எகிப்தின் அலெக்சாந்திரியாத் திருச்சபைக்காரர்கள் பிடித்துக்கொண்ட சுழற்சி இது.

அந்த மீதியை 11-ஆல் பெருக்கி 29 கூட்டி, 30-ஆல் வகுத்து மறுபடி மீதி எடுங்கள். வருவது ஜனவரி 1 அன்று அட்டவணை நிலவின் வயது. எபாக்ட் என்பது இதன் பெயர்.

எபாக்ட் 23 அல்லது அதற்குக் கீழே என்றால் 44-இலிருந்து கழியுங்கள்; 24-உம் மேலும் என்றால் 74-இலிருந்து. கிடைப்பது மார்ச் மாதத் தேதி. 31-ஐத் தாண்டினால் 31-ஐக் கழித்து ஏப்ரல் என்று வையுங்கள். அது பாஸ்கா முழுநிலவு. அதற்கு அடுத்து வரும் ஞாயிறு ஈஸ்டர்.

2026-ஐப் போடுவோம். 19 × 106 = 2014, மீதி 12. 12 × 11 = 132, 29 கூட்ட 161, 30-ஆல் வகுத்தால் மீதி 11. 44 − 11 = 33, அதாவது ஏப்ரல் 2, வியாழன். அடுத்த ஞாயிறு ஏப்ரல் 5. முடிந்தது.

தவறு நடப்பது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான். எபாக்ட் 24 அல்லது 25 வந்தால், கிடைத்த முழுநிலவுத் தேதியில் ஒரு நாளைக் கழிக்க வேண்டும். 1981-ஐப் பாருங்கள்: மீதி 5, எபாக்ட் 24, 74 − 24 = 50, ஏப்ரல் 19. அன்று ஞாயிறு. ஆகவே அடுத்த ஞாயிறு ஏப்ரல் 26 என்று போட்டுவிடுவீர்கள். ஏப்ரல் 25-ஐத் தாண்டிவிட்டதே என்று அப்போதாவது உறைக்க வேண்டும். ஒரு நாள் கழித்தால் முழுநிலவு ஏப்ரல் 18 சனி, ஈஸ்டர் ஏப்ரல் 19. அதுதான் சரி.

2025-இல் ஏப்ரல் 13 ஞாயிறு, பௌர்ணமியும் அன்றுதான். ஆனால் அன்று குருத்தோலை ஞாயிறு கொண்டாடினோமே? – ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை

மேலே "அடுத்து வரும் ஞாயிறு" என்று சொன்னது இதற்குத்தான். முழுநிலவே ஞாயிறாக விழுந்தால் ஒரு வாரம் தள்ளும். 14-ஆம் நாள் பாடுகளின் நாள், உயிர்ப்பு அதற்குப் பிறகு. அதனால் ஏப்ரல் 20. 2038-இலும் இதே கதை: முழுநிலவு ஏப்ரல் 18 ஞாயிறு, விழா ஏப்ரல் 25.

2019-இல் சம இரவு நாளுக்குப் (பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாள்) பின் வந்த முதல் பௌர்ணமி மார்ச் 21. ஈஸ்டர் மார்ச் 24 அல்லவா வந்திருக்க வேண்டும்? ஏப்ரல் 21 என்று ஒரு மாதம் தள்ளி வைத்தது யார்? – பெங்களூரிலிருந்து ஒருவர்

யாரும் தள்ளி வைக்கவில்லை. வானத்தில் சம இரவு மார்ச் 20 இரவு, உலக நேரப்படி 21:58. நிலவு முழுதானது நாலு மணி நேரம்கூட ஆகாமல், 21-ஆம் தேதி 01:43-க்கு. வானக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. திருச்சபைக் கணக்கில் சம இரவு எப்போதும் மார்ச் 21 என்று முளையடித்து வைத்தது. முழுநிலவும் அட்டவணையில் உள்ளது. 2019-க்கு மீதி 5. பழைய நண்பர் எபாக்ட் 24. முழுநிலவு ஏப்ரல் 18 வியாழன், ஈஸ்டர் 21.

வானத்தையே பார்த்துத் தேதி வைத்தவர்களும் உண்டு. 1700-இலிருந்து ஜெர்மனியின் புராட்டஸ்டண்டு நாடுகள் வானியலாளர் கெப்ளரின் அட்டவணையை வைத்து நிஜ நிலவைக் கணக்கிட்டன. விளைவு: 1724-இல் அவர்களுக்கு ஈஸ்டர் ஏப்ரல் 9, கத்தோலிக்கருக்கு ஏப்ரல் 16. 1744-இல் மறுபடி ஒரு வாரம் பிசகியது. 1776-இல் விட்டுவிட்டார்கள். நிஜ நிலவு என்றால் எந்த ஊர் நள்ளிரவை வைத்து நாளைப் பிரிப்பது என்ற கேள்வி உடனே எழும். அட்டவணைக்கு ஊர் கிடையாது. அதன் பலமே அதுதான்.

"ஈஸ்டர்" என்பது இஷ்தார் தேவதையின் பெயராமே? – பலர்

இல்லை. கிரேக்கம், லத்தீன், சீரியாக், மலையாளம், தமிழ் எல்லாவற்றிலும் விழாவின் பெயர் பாஸ்காதான் புழங்கியிருக்கிறது. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் உள்ள ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பாபிலோனுக்குப் பயணம் போகாதீர்கள்.

"சம இரவுக்குப் பின் வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு" என்று 325-இல் நிசேயா சங்கம் (ஆயர்களின் பேரவை) சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் எண் என்ன? – ஓர் இறையியல் மாணவர்

எண் கிடைக்காது தம்பி. நிசேயாவின் 20 சட்டங்களில் ஈஸ்டர் பற்றி ஒன்றுகூட இல்லை. சங்கம் அலெக்சாந்திரியாவுக்கு எழுதிய மடலும், கான்ஸ்டன்டைன் பேரரசர் எழுதிய மடலும் இருக்கின்றன. எல்லாரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும், யூதர்களின் கணிப்பைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதே சாரம். கணக்குமுறை அதில் இல்லை. அதனால்தான் சங்கம் முடிந்து 62 ஆண்டு கழித்தும் சண்டை ஓயவில்லை: 387-இல் அலெக்சாந்திரியாவுக்கு ஈஸ்டர் ஏப்ரல் 25. மிலானில் ஆயர் அம்புரோஸ் அதையே ஏற்றார்; அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றது அந்த ஏப்ரல் 24-25 இரவுத் திருவிழிப்பில். ரோமாபுரி அலெக்சாந்திரியக் கணக்குக்கு வந்து சேர, 525-இல் துறவி தியோனீசியுஸ் எக்சிகுவுஸ் போட்ட அட்டவணை வேண்டியிருந்தது.

ஐயா, மன்னிக்கவும். ஆர்த்தடாக்ஸ் சபை வேறு நாளில் கொண்டாடக் காரணமே நிசேயாதான். யூதப் பஸ்கா முடிந்த பிறகே ஈஸ்டர் என்று அங்கே விதித்தார்கள். மேற்குதான் மீறிவிட்டது. – கோட்டயத்திலிருந்து ஒருவர்

இந்த வாதத்தை விரித்தே சொல்ல வேண்டும். அந்த விளக்கத்தை 12-ஆம் நூற்றாண்டில் திருச்சபைச் சட்டங்களுக்கு உரை எழுதிய பைசாந்தியர் சோனராஸ் எழுதிவைத்தார். அவர் காலத்துக்குள் ஜூலியன் நாட்காட்டி (ஜூலியஸ் சீசர் காலத்துப் பழைய நாட்காட்டி) நழுவி, ஈஸ்டர் எப்போதும் பஸ்காவுக்குப் பின்னேயே விழ ஆரம்பித்திருந்தது. நடப்பைப் பார்த்து விதியை ஊகித்தார்.

விதி இருக்கிறதே! 341-இன் அந்தியோகியா சங்கத்தின் முதல் சட்டம், அப்போஸ்தலச் சட்டம் (அப்போஸ்தலர் பெயரில் வழங்கும் பழைய சட்டத் தொகுப்பு) 7, இரண்டிலும் யூதர் பற்றிய பேச்சு வருகிறது. – அவரே

வருகிறது. கிரேக்கத்தைப் பாருங்கள். அங்கே உள்ள சொல் "மெத்தா". அதை இரண்டாம் வேற்றுமையோடு சேர்த்தால் "பின்". ஆறாம் வேற்றுமையோடு சேர்த்தால் "உடன்". இரண்டு சட்டத்திலும் ஆறாம் வேற்றுமை. "யூதருடன் கொண்டாடாதே" என்கிறது சட்டம். அப்போஸ்தலச் சட்டம் "சம இரவுக்கு முன்" என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அன்றைய புகார் என்ன? யூதர் சில ஆண்டுகளில் பஸ்காவைச் சம இரவுக்கு முன்பே வைத்துவிடுகிறார்கள், அவர்களைக் கேட்டுத் தேதி வைக்காதே என்பதுதான். பஸ்கா முடியும்வரை காத்திரு என்றால், தேதிக்கு மறுபடியும் யூத நாட்காட்டியையே எட்டிப் பார்க்க வேண்டும். சட்டம் தடுத்ததே அதைத்தானே?

சரி, நடைமுறையில் அவர்கள் பஸ்காவுக்குப் பிறகுதானே வைக்கிறார்கள்? – இன்னொருவர் உள்ளே புகுந்து

2025-ஐ எடுங்கள். பஸ்கா ஏப்ரல் 12 மாலை தொடங்கியது; இஸ்ரேலுக்கு வெளியே எட்டு நாள், ஏப்ரல் 20 மாலை வரை. ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் அதே ஏப்ரல் 20. எட்டாம் நாள் இன்னும் முடியவில்லை. யாரும் தள்ளி வைக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் அட்டவணையில் யூதப் பஸ்கா என்று ஒரு கட்டமே கிடையாது.

வேறுபாட்டுக்கு உண்மையான காரணம் இரண்டு, இரண்டும் கணக்கு. ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஈஸ்டரை இன்னும் ஜூலியன் நாட்காட்டியில்தான் கணக்கிடுகின்றன. ஜூலியன் ஆண்டு 365.25 நாள், நிஜ ஆண்டு 365.2422. 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். இன்று 13 நாள் வித்தியாசம். ஜூலியன் மார்ச் 21 நமக்கு ஏப்ரல் 3. அடுத்து, 19 ஆண்டுச் சுழற்சியும் துல்லியமில்லை, சுமார் 300 ஆண்டுக்கு ஒரு நாள் நிலவை விட்டுப் பின்தங்கும். 2027-இல் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. மேற்கத்திய அட்டவணையில் முழுநிலவு மார்ச் 22. அது ஜூலியன் மார்ச் 21-க்கு முன் வருவதால் கிழக்குக்கு அடுத்த நிலவு. அந்த நிலவு வானத்தில் ஏப்ரல் 20-21 இரவு; அவர்கள் அட்டவணையில் ஏப்ரல் 25. அன்று ஞாயிறு, ஆகவே இன்னும் ஒரு வாரம் தள்ளி மே 2.

கோட்டயத்து நண்பருக்கு ஒன்று: உங்கள் ஊர் ஆர்த்தடாக்ஸ் சபையே மேற்கத்திய தேதியில்தான் கொண்டாடுகிறது. பின்லாந்து ஆர்த்தடாக்ஸும் அப்படியே. வாதம் இத்தோடு போதும். இதே பொருளில் இன்னும் பல கேள்விகள் இருக்கின்றன, அவற்றுக்கும் இதுவே பதில்.

சிலுவையில் மூன்று மணி நேரம் இருண்டது சூரிய கிரகணமா? ஒன்பதாம் மணி என்றால் காலை 9-ஆ? – தூத்துக்குடி வாசகி

ஒன்பதாம் மணி ஏறக்குறைய பிற்பகல் 3. சூரிய உதயம் முதல் மறைவு வரை பன்னிரண்டு பங்கு; ஆறாம் மணி உச்சிவேளை. கோடையில் ஒரு "மணி" நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி ஜெபங்கள் இன்றும் இந்தக் கணக்கின் மிச்சம்தான். கிரகணம் அல்ல: சூரிய கிரகணம் அமாவாசையில்தான் நேரும், பஸ்காவோ முழுநிலவு. முழு மறைப்பும் எட்டு நிமிடத்தைத் தொடாது. 3-ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் இதைச் சொல்லிக் கிரகண வாதத்தை ஒதுக்கிவிட்டார்.

சாம்பல் புதனிலிருந்து எண்ணினால் 46 நாள் வருகிறது. நாற்பது எங்கே?

ஆறு ஞாயிறுகளைக் கழியுங்கள். ஞாயிறு நோன்பு நாள் அல்ல. 2026-இல் பிப்ரவரி 18 தொடங்கி ஏப்ரல் 4 வரை எண்ணிப் பாருங்கள். பைசாந்திய மரபில் ஞாயிறையும் சேர்த்து, திங்களில் தொடங்கி, லாசரு சனிக்கு (குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள்) முந்தின வெள்ளியோடு நாற்பது.

காலம் என்பதே மாயையா? அகுஸ்தீன் என்ன சொல்கிறார்?

"ஒப்புதல்கள்" 11-ஆம் புத்தகம். அதையே வாசியுங்கள். நான் கணக்குப் பிள்ளை.

2033-இல் உயிர்ப்பின் 2000-ஆம் ஆண்டு என்கிறார்களே?

நிசான் 14 வெள்ளிக்கிழமையாக விழக்கூடிய ஆண்டுகளில் அறிஞர்கள் அதிகம் பேசுவது இரண்டு: கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3. இரண்டில் எது என்று முடிவாகவில்லை. இங்கே மட்டும் வானத்து நிலவைத்தான் பார்க்க வேண்டும். அன்று அட்டவணை கிடையாது.

எல்லாச் சபையும் ஒரே தேதிக்கு வர வழியே இல்லையா?

1997-இல் அலெப்போவில் கூடிய கலந்தாய்வு ஒரு வழி சொன்னது: நிசேயாவின் நோக்கத்தை வைத்துக்கொள்வோம், சம இரவையும் முழுநிலவையும் வானியலில் கணக்கிடுவோம், எருசலேமின் தீர்க்கரேகையை அளவாகக் கொள்வோம். ஊர் பிரச்சினை இதில் தீரும். செயலுக்கு வரவில்லை. மேற்கு சில ஆண்டுகளில் மட்டும் நகர வேண்டியிருக்கும், 2019 மாதிரி. கிழக்கு அடிக்கடி நகர வேண்டும். நாட்காட்டியைத் தொட்ட 1923-இன் மாற்றத்தாலேயே அங்கே பழைய நாட்காட்டிக்காரர்கள் பிரிந்துபோனார்கள். ஈஸ்டரைத் தொட யாருக்குத் துணிவு வரும்? இப்போதைக்குத் தற்செயலாகச் சேரும் ஆண்டுகள்தான்: 2028 ஏப்ரல் 16, 2031 ஏப்ரல் 13, 2034 ஏப்ரல் 9.

ஐயா, ஈஸ்டர் தேதி ஏன் வருடா வருடம் மாறுகிறது?

முதல் பதில்.

2027-இல் நமக்கு ஈஸ்டர் என்றைக்கு?

மீதி 13. மேலே போய்ப் போட்டுப் பாருங்கள்.